சக்கரம் வைத்த சுவர்

மாநில அரசின் அணைப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்த்த கால் நூற்றாண்டில் டெல்பர்ட் கோவாச் வேலை நேரத்தில் பிறத்தியார் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. குடிக்கக் கூடாது என்பது விதி. அணையைச் சோதிக்கப் போகிறவர் அணைக்குச் சொந்தக்காரர் கொடுக்கும் எதையும் தொடக்கூடாது. தொட்டால் மனசு இளகும், மனசு இளகினால் அணை இளகும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. ஒரு ஜூலை மாத வெயிலில் ஏரிக்கரை வீட்டு அம்மாள் ஒருத்தி ஐஸ் மிதக்கும் எலுமிச்சைச் சாற்றை நீட்டினாள். டெல்பர்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காருக்குப் போய், பிளாஸ்கில் கொதித்துக் கிடந்த தண்ணீரைக் குடித்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவர் சபலப்பட்டு ஒரு துண்டு செர்ரி கேக் தின்றுவிட்டார். அதற்கு எட்டு மாதம் விசாரணை நடந்தது. மீதிக் கேக் சாட்சிப் பொருளாக அலுவலகக் குளிர்பெட்டியில் இருந்தது, விசாரணை முடிந்த பிறகும்.

டெல்பர்ட்டின் அக்கா ஆர்லீன், கெட்டில் ஃபோர்க் என்ற சிற்றூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். ஓடைக்கரையில் கடை. ஓடைக்கு மேலே மார்லோ ஏரி, ஏரியைத் தாங்கிக்கொண்டு அறுபது வருஷத்து மண் அணை. அணையைக் கவனியுங்கள் என்று ஊர்க்காரர்கள் அரசாங்கத்துக்குக் கொடுத்த மனுவில் ஆர்லீனும் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆகையால் அவளும் அணை விவகாரத்தில் சம்பந்தப்பட்டவள். அணைக்கு வரும் நாட்களில் டெல்பர்ட் அக்கா கடை வாசலில் காரை நிறுத்தி, காருக்குள்ளேயே உட்கார்ந்து வீட்டுச் சாண்ட்விச்சைத் தின்பார். ஆர்லீன் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து கார் கண்ணாடியைத் தட்டுவாள்.

"ஏன்டா, கூடப் பொறந்தவ குடுக்கிற காப்பியில விஷமா கலந்திருக்கேன்?"

"வேலையா வந்திருக்கேன்க்கா. குடிக்கக் கூடாது."

"நல்லா வாழ்ந்தடா நீ. உனக்குச் சிலை வெப்பாங்க, காக்கா உக்கார."

கடைக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அதே டெல்பர்ட் வந்து நின்று, கரைச் சாலையை இன்றைக்கு மூடுங்கள் என்றால் மறுபேச்சில்லாமல் மூடுவார்கள். சொந்த அக்காளின் ஓசிக் காப்பியையே தொடாதவன் பொய் சொல்லமாட்டான் என்று அந்த ஊர் முடிவு கட்டியிருந்தது.

மண் அணை என்றால் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும். அடிவாரத்தில் கசிகிற நீர் தெளிவாக இருக்கிறவரை கவலையில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். டெல்பர்ட் ஒரு பழைய ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கசிவைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். போன அக்டோபரில் தூக்கிப் பார்த்தபோது பாட்டிலுக்குள் ஒரு மங்கல் தெரிந்தது. பாட்டில்தான் அழுக்கு என்று நினைத்து மறுபடி கழுவிப் பிடித்தார். மங்கல் போகவில்லை.

ஏரியைப் பத்தடி இறக்க வேண்டும் என்று அன்றைக்கே உத்தரவு எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய தலைமைப் பொறியாளரின் நாற்காலி காலி. அவர் தனியார் நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அடுத்தவரும் போய்விட்டார். போனவர்கள் எல்லாரும் ஒரே நிறுவனத்துக்குத்தான் போனார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லிப் பயனில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு மாடி அலுவலகத்தில் டெல்பர்ட்டும் அந்தச் செர்ரி கேக்கும்தான் பாக்கி.

அப்போதுதான் அந்த நிறுவனம் அவரையும் வேலை பற்றிப் பேச மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தது. டெல்பர்ட் முறைப்படி மாநில நன்னெறி அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. போகலாமா?"

"தாராளமாப் போங்க. சாப்பிடக் கூடாது."

"கேக் கொண்டுவந்து வெச்சா?"

"பாக்கலாம். தொடக் கூடாது."

"வேலை குடுத்தா?"

"வாங்கிக்கலாம்."

டெல்பர்ட்டுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். "இப்ப வாங்குற மாதிரி ரெண்டு மடங்கு சம்பளம்ங்கிறாங்க."

"கேக் குடுத்தா லஞ்சம் சார். வேலை குடுத்தா எதிர்காலம். எதிர்காலத்துக்கு நம்மகிட்ட விதி கிடையாது."

"அவங்க பேனாவால கையெழுத்துப் போடலாமா?"

"ஐயையோ, அதைப் பண்ணிடாதீங்க. பேனா அன்பளிப்புக் கணக்குல வந்துடும். உங்க பேனாவை எடுத்துட்டுப் போங்க." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் நானும் அங்கதான் வர்றேன். பார்க்கிங் நல்லா இருக்காம்."

ஓட்டலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் க்ளெண்டா ஸ்ட்ராப். ஒரு காலத்தில் டெல்பர்ட்டின் மேலதிகாரி. அணைக்கரையில் முழங்கால் சேற்றில் நின்று டெல்பர்ட்டுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இப்போது நிறுவனத்தின் துணைத் தலைவர், காலணியில் தூசு கிடையாது. டெல்பர்ட் தன் சாண்ட்விச்சை மடியில் வைத்துத் தின்றார்.

"உங்க உத்தரவு அங்கயே கெடந்து மக்கிப் போகும், டெல்பர்ட்" என்றார் க்ளெண்டா. "கையெழுத்துப் போட ஆள் ஏது? ஜனவரியில அந்த ஆபீஸையே எங்ககிட்ட குத்தகைக்கு விடறாங்க. மார்லோ அணையும் எங்ககிட்ட வந்துடும். நீங்க வரலேன்னா அதை யாரு பாப்பா? நீங்களே சொல்லுங்க."

அந்தக் கேள்விதான் டெல்பர்ட்டை விழுத்தாட்டியது. அணை எங்கே போகிறதோ அங்கே தானும் போக வேண்டும் என்று நினைத்தார். வீட்டுக் கூரை ஒழுகியது, மனைவிக்கு மூட்டு மாற்ற வேண்டியிருந்தது, இரண்டு மடங்கு சம்பளமும் இனித்தது. அதையும் மறைப்பானேன். சொந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

புது அலுவலகத்தில் முதல் வாரம் மாற்றப் பயிற்சி. அரசாங்கத்தில் இருந்து வந்தவர்களுக்கு மட்டும். ப்ரைஸ் என்ற இளைஞன் பயிற்சியாளன், எப்போதும் சிரித்த முகம், எதைக் கேட்டாலும் சிரிப்பு மாறாது. முன்னாள் ஊழியர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், தேவாலயத்து நிலவறையில் குடியை விட்டவர்கள் கூடுவார்களே, அதே மாதிரி. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

"என் பேரு க்ளெண்டா. நான் 'முடியாது'ன்னு சொல்லி நாலு வருஷம் ஆச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். குடியை விட்டு வருஷக்கணக்கானவர்களுக்குக் கொடுப்பது போலவே ப்ரைஸ் அவர் கையில் ஒரு வெண்கல வில்லையைக் கொடுத்தான். அடுத்து எழுந்த முன்னாள் தலைமைப் பொறியாளர் அழுதேவிட்டார். போன வாரம் ஒரு பாலத்தைப் பார்த்ததும் தன்னை அறியாமல் தலையைக் குறுக்கே ஆட்டிவிட்டாராம். பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"தப்பில்ல சார், வந்த வியாதி ஒரே நாள்ல போயிடாது" என்றான் ப்ரைஸ். "டெல்பர்ட், நீங்க. கையை நீட்டுங்க."

டெல்பர்ட்டின் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

"பாத்தீங்களா? இதுதான் அறிகுறி. முன்னாடி கொண்டு வாங்க. விரலை விரிங்க. பயப்படாதீங்க, மஃபின்தான், குட்டிக் கேக்கு."

மூன்று நாள் மஃபினோடு போராடினார்கள். நான்காம் நாள் டெல்பர்ட்டின் கை தானாக முன்னால் வந்தது. அறை முழுக்க ஆரவாரம். மறுநாள் கோப்பை கொடுத்தார்கள், அதற்கு மறுநாள் நிறுவனத்தின் சின்னம் பொறித்த நீல மழைச்சட்டை. வாங்க வாங்கக் கை பழகிக்கொண்டது. மாத முடிவில் யாராவது எதிரே வந்து நின்றாலே கை நீண்டது. மனைவி ரொமெய்ன் ஒருநாள் உப்புச் சாடியை எடுத்தபோதுகூட நீண்டது. அவள் சாடியை அதில் வைத்தாள்.

பயிற்சி முடிந்ததும் டெல்பர்ட் ப்ரைஸிடம் போய், மார்லோ அணை வேலையை எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். ப்ரைஸ் இன்னும் கொஞ்சம் சிரித்தான்.

"அதை மட்டும் நீங்க தொடக் கூடாது. நீங்க கவர்மென்ட்ல பாத்த வேலையைப்பத்தி இங்க ஒரு வருஷத்துக்குப் பேசக் கூடாது, கேக்கவும் கூடாது. சட்டம். உங்க நேர்மையைக் காப்பாத்தத்தான்."

"அப்ப வேற யாரு பாக்குறாங்க?"

"அதைச் சொன்னா நீங்க கேட்ட மாதிரி ஆயிடுமே சார்."

சட்டத்தை மதிக்கிற நிறுவனம் அது. டெல்பர்ட்டுக்கும் மார்லோ அணைக்கும் நடுவில் ஒழுக்கச் சுவர் ஒன்று எழுப்பப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதை ஒரு பேச்சுக்கு எழுதியிருக்கிறார்கள் என்றுதான் டெல்பர்ட் நினைத்தார். சுவர் திங்கட்கிழமை வந்தது. நான்கு பக்கமும் சாம்பல் நிறத் துணி மடிப்புத் தட்டி, அடியில் சக்கரங்கள், ஒன்று மட்டும் கிறீச்சிடும். அணைப் பேச்சு வந்தால் ப்ரைஸ் அதை உருட்டிக்கொண்டு வந்து டெல்பர்ட்டின் நாற்காலியைச் சுற்றி மூடுவான். உள்ளே போரடிக்கக் கூடாது என்று ஒரு மஃபினும் வைப்பான். துணிச் சுவர் ஆகையால் எல்லாம் கேட்கும். ஆனால் சுவர் இருப்பதால் கேட்கவில்லை என்று பொருள்.

மார்ச் மாதம் அணைக்காக ஒரு பெரிய கூட்டம் நடந்தது. சுவருக்குள் இருட்டில் உட்கார்ந்து டெல்பர்ட் கேட்டார். மேஜையின் ஒரு பக்கம் மாநில அரசின் சார்பாக நிறுவனத்து ஆட்கள். எதிர்ப்பக்கம் ஏரிச் சொந்தக்காரர் சங்கத்தின் சார்பாக, அதே நிறுவனத்து ஆட்கள். கூட்டம் தொடங்குமுன் இரண்டு பக்கமும் கைகுலுக்கி அறிமுகம் செய்துகொண்டார்கள், காலையில் ஒரே காரில் வந்திறங்கியவர்கள்.

"மே மாசக் கடைசியில படகுத் திருவிழா" என்றார் சங்கத் தலைவர். "ஏரியை இறக்கச் சொல்றீங்க. படகை எங்க விடறது, புல்தரையிலயா?"

க்ளெண்டா எழுந்தார். அவர் குரல் டெல்பர்ட்டுக்கு மிக அருகில் கேட்டது.

"அறுபது வருஷமா நிக்கிற அணை இது. அதுக்கு அனுபவம் இருக்கு. அதுமேல நம்பிக்கை வெக்காம நடந்துக்கிறது மரியாதையில்ல. அரசாங்கத்துல இருந்தப்ப எதைப் பாத்தாலும் இடிஞ்சு விழுந்துடுமோன்னு பயந்தோம். எத்தனை விழுந்துச்சு? ஒண்ணுமில்ல. அப்ப நம்ம பயமெல்லாம் வீண்செலவுதானே? இங்க வந்தப்புறம் நான் பயந்ததே இல்ல. ஏன்னா இங்க விழுந்தா அது வேற பிரிவு."

கைதட்டல். டெல்பர்ட்டால் பொறுக்க முடியவில்லை. சுவருக்குள் எழுந்து நின்று கத்தினார்.

"தண்ணி கலங்கியிருக்கு! நான் பாட்டில்ல பிடிச்சுப் பாத்தேன்! திருவிழா வரைக்கும் நிக்காது!"

பிறகு க்ளெண்டா கேட்டார், "யாராவது ஏதாவது சொன்னீங்களா?"

யாரும் எதுவும் சொல்லவில்லை என்று பதிவானது. சக்கரம் கிறீச்சிட்டது. நான்கு பக்கமும் துணி உள்வாங்கி டெல்பர்ட்டின் தோளை உரசிக்கொண்டு நின்றது. மடிப்பின் இடுக்கு வழியாக ஒரு கை நுழைந்து இரண்டாவது மஃபினை வைத்துவிட்டுப் போனது. ஏரியை இறக்குவது திருவிழாவுக்குப் பிறகு என்று முடிவானதை அவர் சட்டப்படி கேட்கவில்லை.

அன்று மாலை அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பேசக் கூடாது என்பதால், "கடையைக் கொஞ்ச நாளைக்கு மூடிட்டு எங்க வீட்டுக்கு வாயேன்" என்று மட்டும் சொன்னார்.

"நீ ரெண்டு மடங்கு வாங்குறேன்னா நான் கடையை மூடணுமா?" என்றாள் ஆர்லீன். "போடா, எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

மே மாதம் மழை பிடித்தது. விடாமல் ஒரு வாரம் கொட்டியது. சனிக்கிழமை காலை டெல்பர்ட் நீல மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கெட்டில் ஃபோர்க்குக்குக் காரை ஓட்டினார். அணையடியில் போய்ப் பாட்டிலைப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கசிவு என்று சொல்ல முடியாது, தொடை பருமனுக்குப் பீச்சிக்கொண்டிருந்தது. பாலில் அளவாக டிகாக்ஷன் விட்ட நிறம். இருந்தாலும் பிடித்தார். வாழ்நாள் பழக்கம்.

அவசர உதவி எண்ணை அழுத்தினார். ஒரு பெண் எடுத்தாள்.

"மார்லோ அணை உடையப்போகுது. கெட்டில் ஃபோர்க்ல சைரனை ஊதுங்க."

"நீங்க யாரு சார்? அணை ஆபீஸா?"

"முன்னாடி."

"அணை ஆபீஸ் சொன்னாத்தான் சார் சைரன். லைன்ல இருங்க, அவங்களுக்கே போட்டுத் தர்றேன்."

காத்திருக்கும்போது ஓர் இசை ஒலித்தது. டெல்பர்ட்டுக்கு அது தெரிந்த இசை. அவருடைய அலுவலக லிஃப்டில் தினமும் கேட்பது.

"மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகம்" என்றது க்ளெண்டாவின் குரல்.

"க்ளெண்டா, நான் டெல்பர்ட். மார்லோவுல மண்ணு அரிச்சுக்கிட்டு வருது. சைரனுக்குச் சொல்லுங்க."

"ஐயோ டெல்பர்ட், நீங்க சுவருக்கு வெளியில நிக்கிறீங்க! இதை நான் கேக்கல. கேட்டேன்னு ஆனா உங்க மேல விசாரணை வரும். உங்க நல்லதுக்குத்தான் கேக்கல."

"கீழே ஊர் இருக்கு. எங்கக்கா இருக்கா."

"அக்காவா? இது வேற சொந்த நலன் ஆயிடுச்சே. ரெண்டு சுவர் வேணும்."

"அணைன்னா என்னன்னு எனக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதான். பழுப்புத் தண்ணின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? ஏரிக்காரனுக்கு ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிட்டு சைரனை ஊதச் சொல்லுங்க."

பிறகு வந்த குரல் துணைத் தலைவரின் குரலாக இல்லை.

"நாலு வருஷமாச்சு டெல்பர்ட். வாய் வரைக்கும் வருது. எப்படிச் சொல்றதுன்னு மறந்துபோச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வியாழக்கிழமைக் கூட்டத்துல வெக்கிறேன். உங்க அழைப்புக்கு நன்றி."

டெல்பர்ட் பாட்டிலோடு கடைக்கு ஓடினார். சனிக்கிழமைக் காலைக் கூட்டம், உட்கார இடமில்லை. தோசைக்கல் மாதிரியான பெரிய இரும்புத் தட்டில் பன்றிக்கறி பொரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே பழைய புகை விசிறி, அது ஓடினால் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். டெல்பர்ட் கத்தினார்.

"எல்லாரும் எந்திரிங்க! மேட்டு சர்ச்சுக்குப் போங்க! அணை உடையப்போகுது!"

திரும்பிப் பார்த்தார்கள். முதலில் அவர் முகத்தை, பிறகு நீலச் சட்டையை, பிறகு சட்டையில் இருந்த சின்னத்தை. ஆர்வில் என்ற கிழவர் முட்டையை மெல்வதை நிறுத்தினார்.

"யாருப்பா சொல்றது, கவர்மென்டா, கம்பெனியா?"

டெல்பர்ட் சட்டைச் சின்னத்தைக் கையால் மறைத்தார்.

"போன மாசம் இதே சட்டை போட்ட ஒருத்தன் வந்தான். அணை கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லி ஆளுக்கொரு தொப்பி குடுத்துட்டுப் போனான். இப்ப நீ வந்து உடையுதுங்கிற. என்ன விக்கிறதுக்கு வந்த, படகா?"

கடையே சிரித்தது. டெல்பர்ட் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "காப்பியைக் கொண்டுவந்துட்டான்டா" என்று பின்னால் இருந்து யாரோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். தலைகள் தட்டுகளுக்குத் திரும்பின. முன்பெல்லாம் வாசலில் வந்து நின்றாலே போதும். இன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர்கூட நாற்காலியை நகர்த்தவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

ஆர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கோப்பையில் காப்பி ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"நனைஞ்சு வந்திருக்க. குடி."

டெல்பர்ட்டின் கை நீண்டது. அவரைக் கேட்காமலே, விரல் விரித்து, பயிற்சி கொடுத்தபடியே நீண்டது. கோப்பையின் சூடு விரல் நுனியில் பட்டது. மழைச்சட்டையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார், அது யாருடைய கையோ என்பதுபோல. பிறகு மற்றக் கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேலையா வந்திருக்கேன்க்கா" என்றார். "குடிக்கக் கூடாது."

ஆர்லீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பையை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். சமையலுக்குக் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்து மேஜைமேல் போட்டாள்.

"எந்திரிங்க எல்லாரும்" என்றாள்.

"ஆர்லீன், முட்டை இன்னும்..." என்று ஆரம்பித்தார் ஆர்வில்.

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு கை உயர்த்திப் புகை விசிறியையும் நிறுத்தினாள். அப்போதுதான் கடையில் இருந்த எல்லாருக்கும் வெளியே ஓடையின் இரைச்சல் கேட்டது.